மலைக்கு வேண்டாம், கொச்சிக்குப் போவோம்: சில குறிப்புகள்

இந்த விடுமுறைக்கு ஊட்டி வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கொடைக்கானலும் வேண்டாம். 2024 மே 7 முதல் இரண்டு ஊருக்கும் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி ஏற முடியாது; உயர் நீதிமன்றம் தலையிட்டு வந்த ஏற்பாடு அது. மலை தாங்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? அங்கே தண்ணீர், சாக்கடை, குப்பை எடுப்பது எல்லாமே ஒரு சிற்றூரின் அளவுக்கு அமைந்தவை. சீசனில் அதன் மேல் ஒரு பெருநகரமே போய் உட்காருகிறது.

நகரம் அப்படியில்லை. லட்சக்கணக்கான பேருக்காக அங்கே ஏற்கெனவே பேருந்து ஓடுகிறது, படகு ஓடுகிறது, உலை கொதிக்கிறது. நாம் நாலு பேர் கூடுதலாக ஏறிக்கொண்டால் அந்தப் பேருந்துக்கு ஆகும் கூடுதல் டீசல் சொற்பம். இயற்கையின் மேல் அக்கறை உள்ளவர் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. காட்டைக் கொஞ்ச நாள் விட்டுவைப்பதும் அக்கறைதான்.

ஆக, கொச்சி.

*

அக்காவிடமிருந்து போன். “ஏண்டி, ஃப்ளைட்ல ஒரு மணி நேரம்தானே? அம்மாவை ராத்திரி பூரா ரயில்ல கூட்டிட்டுப் போகணுமா?”

“அம்மாவுக்கு ரயில்லதான்க்கா தூக்கமே வரும். கீழ் பெர்த் வாங்கிடறேன்.”

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். சென்னையில் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போக வேண்டும். இறங்குவது நெடும்பாசேரியில், அங்கிருந்து எர்ணாகுளத்துக்குள் வர இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. பாதி நாள் போய்விடும். ஆலப்புழை எக்ஸ்பிரஸில் இரவு சாப்பிட்டுவிட்டுச் சென்ட்ரலில் ஏறினால் காலைக் காபி நேரத்துக்கு எர்ணாகுளம் ஜங்ஷன். ஒரு ராத்திரி அறை வாடகையும் மிச்சம். கோவைக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது, நாலு மணி நேரப் பயணம்.

புகைக் கணக்கு தனி. பிரிட்டன் அரசு வெளியிடும் கணக்கில், உள்நாட்டு விமானத்தில் ஒரு பயணிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 250 கிராம் கரியமிலவாயுவுக்குச் சமமான வெளியீடு. ரயிலில் சுமார் 35 கிராம். அதை அப்படியே சென்னை–கொச்சிக்குப் போட்டால் ஒருவழிக்கு, தலைக்கு, விமானத்தில் 140 கிலோவை ஒட்டி வருகிறது. ரயிலில் 25 கிலோ. அவர்கள் ரயில் வேறு, நம் ரயில் வேறு என்பது உண்மைதான். நம் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு அதிகம். ஆனால் நம் ஸ்லீப்பர் பெட்டியில் ஆளும் அதிகம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இடைவெளி பெரியது.

போய்ச் சேர்ந்த பிறகு துணிப்பை தூக்குவது, பாட்டில் வாங்காமல் இருப்பது எல்லாம் நல்ல பழக்கங்கள். ஆனால் பயணத்தின் சுமையில் பெரும்பகுதி டிக்கெட் எடுக்கும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. எதில் போகிறோம், எத்தனை நாள் தங்குகிறோம், ஊரில் எந்தப் பகுதியில் தங்குகிறோம். இந்த மூன்றையும் சரியாக வைத்துக்கொண்டால் மற்றது தானாக வரும்.

*

நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும். 2015 ஆகஸ்ட் 18 முதல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் விமான நிலையம் அது, உலகில் முதலாவது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தை மாநில மின்வாரியத்துக்குக் கொடுத்துவிட்டு, இரவில் அங்கிருந்து வாங்கிக்கொள்கிறது. பேனல்களுக்கு இடையில் காய்கறி போடுகிறார்கள்: பேனல் கழுவும் தண்ணீர் கீழே பாத்திக்குப் போகிறது, பயிர் நிற்பதால் களையும் மட்டுப்படுகிறது. 2018இல் ஐ.நா.வின் ‘பூமியின் சாம்பியன்’ விருதும் கிடைத்தது.

ஆனால் பேனல் ஓட்டுவது கட்டடத்தின் விளக்கையும் ஏ.சி.யையும். ஓடுபாதையில் ஏறும் விமானம் எரிப்பது எண்ணெயைத்தான். விமான நிலையம் பச்சை என்பதால் அங்கு வந்து இறங்கும் பயணமும் பச்சை என்று யாரும் கணக்கு எழுத வேண்டாம்.

*

எந்த மாதம்? எல்லோரும் டிசம்பர், ஜனவரி என்பார்கள். நான் ஜூலை என்பேன். மழையில் கொச்சி குளிர்ந்து கிடக்கும். ஏ.சி. இல்லாத அறையில், மின்விசிறியும் எதிரெதிரே ஜன்னலும் இருந்தால் போதும். தங்குமிடத்தில் மின்சாரம் அதிகம் குடிப்பது ஏ.சி.தான், மாதத்தை மாற்றினால் அதை நிறுத்தியே வைக்கலாம். வாடகையும் குறையும். புத்தாண்டு இரவில் பாப்பாஞ்ஞி பொம்மையை எரிப்பதைப் பார்க்க ஃபோர்ட் கொச்சியில் கூடும் கூட்டத்துக்கு அந்தச் சின்ன நிலம் போதாது. நாமும் போய் அதில் நிற்க வேண்டியதில்லை.

குடை. ரெயின்கோட் அம்மாவுக்கு மட்டும்.

*

வாட்டர் மெட்ரோ. இந்தப் பயணத்தில் எனக்கு இருக்கும் ஆசையில் பாதி இதன் மேல்.

2023 ஏப்ரல் 25இல் தொடங்கியது. முதலில் உயர் நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பினுக்கும், வைட்டிலாவிலிருந்து காக்கநாட்டுக்கும் படகு விட்டார்கள். ஃபோர்ட் கொச்சிக்கு அடுத்த ஆண்டு ஏப்ரலில். படகுகள் அதே ஊரின் கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் செய்தவை. நூறு பேர் ஏறலாம். இரட்டை அடிப்பாகம் கொண்ட அலுமினியப் படகு. எடை குறைவு என்பதால் குறைந்த மின்சாரத்தில் நகரும், கரையை அடிக்கும் அலையும் குறைவாக எழும். பேட்டரி லித்தியம் டைட்டனேட் வகை. விலை கூடுதல்தான், ஆனால் பத்து பதினைந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறிவிடும். ஆட்கள் இறங்கி ஏறும் நேரத்திலேயே துறையில் வைத்து மின்சாரம் கொடுத்துவிடலாம். அவசரத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டரும் படகில் உண்டு.

நான் அதிகம் மதிப்பது பேட்டரியை அல்ல, துறையை. கொச்சிக் காயலில் கடலின் ஏற்றவற்றம் உண்டு. தண்ணீர் மட்டம் நாளுக்குள் ஏறி இறங்கும். பழைய ஜெட்டி அசையாத கல்படி. படகு ஒரு வேளை மேலே இருக்கும், ஒரு வேளை கீழே. கால் எட்டி வைத்துத் தாவ வேண்டும். புதிய துறைகள் மிதக்கின்றன. தண்ணீரோடு மேடையும் ஏறி இறங்குவதால், படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டம். சக்கர நாற்காலி உருண்டு போகும். மூட்டுவலிக்காரர் யாரும் கைபிடிக்காமலே ஏறி இறங்கலாம். அம்மாவை ஃபோர்ட் கொச்சிக்கு டாக்ஸியில் கூட்டிப் போகாமல் படகில் கூட்டிப் போக முடிகிறது என்றால் அந்த மேடைதான் காரணம். வசதி இருந்தால்தான் முதியவர்கள் பொதுப் போக்குவரத்துக்கு வருவார்கள். இதைச் சுற்றுச்சூழல் பேச்சில் யாரும் போதுமான அளவு சொல்வதில்லை.

கட்டணம் 20 ரூபாயிலிருந்து 40 வரை. மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகு இன்னும் மலிவு. எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து போகிறது. ஒரு தடவை அதிலும் போக வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள், மீன் கூடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் அதில்தான் இருப்பார்கள். ஆனால் அலுவலக நேரத்தில் ஏறக்கூடாது. அவர்கள் இருக்கை அது.

மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை மிதந்து வந்து காயலை மூடும். படகின் சுழலியில் சிக்கும். நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம் என்று வீட்டில் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

*

எர்ணாகுளம் ஜங்ஷனில் இறங்கினால் பக்கத்திலேயே எர்ணாகுளம் சவுத் மெட்ரோ நிலையம். 2017 ஜூனிலிருந்து ஓடுகிறது. இப்போது ஆலுவாவிலிருந்து திருப்பூணித்துறை வரை, 25 நிலையங்கள். மெட்ரோ, பிறகு படகு, பிறகு நடை. வாடகைக் கார் என்ற பேச்சே எழாது.

*

உயர் நீதிமன்றத்தின் பின்பக்கம் மங்களவனம். மூன்று ஹெக்டேருக்கும் குறைவான இடம். அலையாத்தி, நடுவில் கடலோடு தொடர்புள்ள சின்ன நீர்நிலை, கொக்கு, நாரை, பழந்தின்னி வௌவால்கள். 2004இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள். நகரத்தின் நடுவில் இவ்வளவாவது மிச்சம் இருக்கிறது என்று சந்தோஷப்படுவதா, இவ்வளவுதான் மிச்சம் என்று வருத்தப்படுவதா? எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும். காலையில் போக வேண்டும். பேச்சுச் சத்தம் கூடாது.

*

தங்க ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டே. போன் செய்து கேட்க வேண்டியவை: எச்சிலிலை, சமையல் கழிவு எங்கே போகிறது? வீட்டிலேயே பயோகேஸ், உரத்தொட்டி ஏதாவது உண்டா? பிளாஸ்டிக்கை, வீடு வீடாகக் குப்பை வாங்க வரும் ஹரித கர்ம சேனைக்குப் பிரித்துக் கொடுக்கிறார்களா? வெந்நீர் எதில்? தண்ணீர் வடிகட்டி இருக்கிறதா, பாட்டில் வைப்பார்களா?

வாசலில் பச்சை இலைப் படம் போட்ட பலகையை நம்புவதைவிட இந்தக் கேள்விகளை நம்பலாம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் உடனே, விவரமாகப் பதில் சொல்வார்கள். தயங்குகிறவர்களிடம் வற்புறுத்த வேண்டாம். வேறு வீடு பார்க்கலாம். ஆனால் கேட்டுவிட்டுத்தான் வேறு வீடு பார்க்க வேண்டும். பத்து பேர் கேட்டால் பதினோராவது ஆள் கேட்பதற்கு முன் அவர்கள் ஏதாவது செய்திருப்பார்கள்.

*

குப்பையைப் பற்றி இவ்வளவு அழுத்திக் கேட்பதற்குக் காரணம் பிரம்மபுரம். கொச்சி மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு. 2023 மார்ச் 2இல் தீப்பிடித்தது. பிளாஸ்டிக் மேடு உள்ளுக்குள்ளேயே கனன்றது. மேலே தண்ணீர் அடித்தால் மேல்பகுதி அணையும், அடியில் எரிந்துகொண்டே இருக்கும். மண்வாரி இயந்திரம் வைத்துக் கிளறிக் கிளறி நனைத்து அடக்கப் பன்னிரண்டு நாள் வரை ஆனது. ஊர் முழுக்க விஷப்புகை. பள்ளிகளை மூடினார்கள், முகக்கவசம் போடச் சொன்னார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

சுற்றுலாப் பயணி அறையைக் காலி செய்துவிட்டு ரயிலேறிவிடுகிறார். அவருடைய பாட்டிலும் பொட்டலமும் ஷாம்பூ சாஷேயும் ஊரிலேயே தங்கிவிடுகின்றன. அந்தப் புகையைச் சுவாசித்தது அந்த ஊர்க் குழந்தைகள். பிரம்மபுரத்துக்குப் பிறகு கொச்சிக்குப் போகிற எவருக்கும் இது மனதில் இருக்க வேண்டும். சென்னைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நம்மிடம் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகள் இருக்கின்றன.

எனவே பையில்: எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கு ஒன்று. மூடி இறுகும் டிபன் டப்பா இரண்டு. சோப்பு வீட்டிலிருந்தே, டப்பாவில். துண்டும் வீட்டிலிருந்து. ஈரத் துணிக்கு ஒரு தனிப் பை. மருந்து உறை, பேட்டரி மாதிரி எதுவும் அங்கே போட வேண்டாம், திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

*

தண்ணீர் பாட்டில் வாங்காமல் சமாளிக்க முடியுமா என்று தம்பி கேட்டான். கேரளத்தில் அது சுலபம். சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலே மேசைக்கு வருவது கொதிக்கவைத்த தண்ணீர். சீரகம் போட்டது மஞ்சளாக இருக்கும். பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டது இளஞ்சிவப்பு; முதல் தடவை பார்ப்பவர்கள் சர்பத்தோ என்று நினைப்பார்கள். கண்ணாடி டம்ளரில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெல்லிக்காய் ஊறுகாய்ச் சிவப்பு இல்லை, ரோஜா இதழ்ச் சிவப்பு. மணம் லேசாக மரத்தூள் போல. சாப்பிட்டு முடித்ததும், “சேட்டா, இதுல கொஞ்சம் ஊத்துங்க” என்று பாட்டிலை நீட்டினால் ஊற்றித் தருவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

*

சாப்பாடு. எர்ணாகுளம் நார்த் பக்கம் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் நடத்தும் ‘சம்ருத்தி’. மாநகராட்சி 2021 அக்டோபரில் பத்து ரூபாய்ச் சாப்பாட்டோடு தொடங்கிய கடை. மத்தியானம் ஒரு நாள் அங்கே.

மீன் விஷயத்தில் யோசிக்க வேண்டும். ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை, 52 நாள், கேரளத்தில் விசைப்படகு இழுவலைக்குத் தடை. மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம். அந்த நாட்களில் பெரிய மீன் கேட்டு அடம்பிடித்தால் எங்கிருந்தோ ஐஸில் வந்ததுதான் கிடைக்கும். பாரம்பரியப் படகுக்காரர்களுக்குத் தடை இல்லை. அவர்கள் கொண்டுவரும் மத்தி, நெத்திலி சாப்பிடலாம். காயலின் கரிமீன், கக்கா (மட்டி) சாப்பிடலாம். மத்தியிலும் குஞ்சு வேண்டாம். பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கவே கூடாது என்பது கேரளத்தில் விதி. அந்த அளவைப் பரிந்துரைத்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதும் கொச்சியில்தான், மங்களவனத்தை ஒட்டி.

*

சீனவலை எல்லோரும் படம் பிடிக்கும் சாமான். இந்த முறை அதைப் பார்ப்பது எப்படி என்று எழுதி வைத்துக்கொள்கிறேன்: வலையைப் பார்க்காதே, கல்லைப் பார். பின்பக்கம் கயிறுகளில் வரிசையாகக் கல் தொங்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில். வலை மேலே வர வரக் கல் ஒவ்வொன்றாக மேடையில் உட்காரும். எடை அதற்கேற்பக் குறையும். அதனால்தான் அவ்வளவு பெரிய மரச்சட்டத்தை நாலைந்து பேர் கயிற்றால் இழுத்து ஏற்ற முடிகிறது. என்ஜின் இல்லை, எண்ணெய் இல்லை. வலையில் மீனோடு பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் வருவதையும் பார்க்கத்தான் வேண்டும். அங்கேயே மீன் வாங்கினால் பேரம் பேசாமல் வாங்க வேண்டும்.

*

ஃபோர்ட் கொச்சியின் தூங்குமூஞ்சி மரங்கள். ஒன்றுக்கு அடியில் ஒரு தெருவே நிற்கலாம். மதியம் நடப்பதென்றால் இவற்றின் கீழேயே நடக்கலாம்.

*

தோபிகானா. ‘வெளி’ என்ற மைதானத்துக்குப் பக்கம். கொச்சியில் தமிழ் கேட்கும் இடம்.

டச்சுக்காரர் காலத்தில் படைக்காரர்களின் உடுப்பை வெளுக்க அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் என்று இவர்களைச் சொல்வார்கள். இப்போதுள்ள கட்டடம் 1976இல் கொச்சி வளர்ச்சிக் குழுமம் கட்டிக்கொடுத்தது: வரிசையாகச் சிமெண்ட் தொட்டி, தொட்டிக்கு ஒரு துவைகல். ஹோட்டல் படுக்கை விரிப்பும் துண்டும் வந்து குவிகின்றன. கஞ்சி அரிசிக் கஞ்சிதான்.

உலர்த்தும் மைதானத்துக்குப் போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். கொடியில் ஒரு கிளிப்கூடக் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முறுக்கை விரலால் சற்றே நெகிழ்த்தித் துணியின் முனையைச் செருகிவிட்டால் கயிறே பிடித்துக்கொள்ளும். காற்று எவ்வளவு அடித்தாலும் துணி விழாது, துரு படியாது, ஒடிந்த பிளாஸ்டிக் கிளிப் மண்ணில் கிடக்காது. போன முறை அங்கே ஒரு பெரியவரிடம், “எந்த ஊருங்க ஐயா நீங்க?” என்று கேட்டேன். “இதான்மா ஊரு. தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலயிருந்து இங்கதான்” என்றார், தேய்ப்பதை நிறுத்தாமல்.

நல்ல ஹோம்ஸ்டே என்றால் துணி இவர்களிடம் போகிறதா என்றும் கேட்கலாம். மின்சார உலர்த்தி இல்லாமல், வெயிலில் உலர்ந்து, பணம் அந்த ஊர்க் குடும்பத்துக்கே போகிறது. ஜூலை மழையில் வெயில் கிடைக்காத நாள் அவர்களுக்குச் சிரமமான நாள். நம் விரிப்பைத் தினம் மாற்ற வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

*

கும்பளங்கி. தோப்பும்படியிலிருந்து பேருந்து. மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக வளர்த்தெடுத்த ஊர். இந்த ஊரில் நடக்கும் கதையாக 2019இல் வந்த மலையாளப் படத்தால் இன்னும் பெயர் பெற்றது. படத்தில் வரும் நீல ஒளிக் காட்சி நிஜம்தான். ‘கவரு’ என்பார்கள். கோடையில் காயல் நீரில் உப்பு ஏறும்போது நுண்ணுயிர்கள் அசைவுக்கு ஒளிர்வது. ஜூலையில் அது இருக்காது. ராத்திரி கார் கூட்டமும் இருக்காது.

என்னை இந்த ஊர் வேறு காரணத்துக்காக இழுக்கிறது. 2022 ஜனவரியில் இந்தியாவின் முதல் சானிட்டரி நாப்கின் இல்லாத ஊராட்சியாக இதை அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மாதவிடாய்க் கப் கொடுத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று பயிற்சியும் கொடுத்த பிறகு. சுற்றிலும் தண்ணீர் உள்ள ஊரில் நாப்கினைப் புதைக்கவும் இடமில்லை, எரிக்கவும் வழியில்லை. பெண்கள் வாய்விட்டுப் பேசாத ஒரு கழிவைப் பற்றி ஊரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறது. பெண்கள் பயணப் பை அடுக்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் போவதால் பொக்காளி வயலைப் பச்சையாகப் பார்க்கலாம். உப்பைத் தாங்கும் உயரமான நெல். அறுவடையில் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். பிறகு அதே வயலில் இறால் விடுவார்கள். தாள் அழுகி இறாலுக்கு உணவு, இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். ரசாயன உரம் போட வேண்டிய தேவையே இல்லை. ஆனால் கூலியாள் கிடைக்காமலும், இறாலில் மட்டும் பணம் அதிகம் என்பதாலும் பொக்காளி போடுவது வருடாவருடம் சுருங்குகிறது. அரிசி கிடைத்தால் ஐந்து கிலோ வாங்க வேண்டும். காந்தம் ஒட்டும் பொம்மைக்குப் பதில் அதுதான் எல்லோருக்கும் கொடுப்பது.

*

ஒரு நாள் மிஞ்சினால் வைக்கம். வைட்டிலாவிலிருந்து பேருந்து. அங்கிருந்து தவணக்கடவுக்கு ‘ஆதித்யா’ என்ற சூரிய சக்திப் படகு. 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது, இந்தியாவில் அந்த வகையில் முதலாவது பயணிகள் படகு, 75 பேர் உட்காரலாம். வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே கால் மணி நேரம். வைக்கத்தில் பெரியார் நினைவகம் இருக்கிறது. 2024 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்தார்கள். அம்மா அதைப் பார்க்க வேண்டும் என்கிறார். அப்படியானால் ஒரு நாள் மிஞ்சியே ஆக வேண்டும்.

*

தேதி. ரயிலில் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கும். ஜூலை நடுவில் போக மே நடுவில் டிக்கெட் எடுக்க வேண்டும். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. 1568இல் கட்டிய பரதேசி யூத ஆலயம் வெள்ளி, சனி இரண்டு நாளும் மூடியிருக்கும். ஞாயிறு மாலை எர்ணாகுளத்திலிருந்து சென்னை வரும் வண்டிகளில் இடம் கிடைப்பது கஷ்டம். எனவே சனி இரவு கிளம்பி, வியாழன் இரவு திரும்ப ஏறுவது. இரண்டே நாள் என்று ஓடினால் ஆட்டோவும் காரும் தேவைப்படும். ஐந்து நாள் என்றால் படகுக்குக் காத்திருக்க நேரம் இருக்கும். அலுவலகத்தில் ஐந்து நாள் விடுப்பு கேட்க வேண்டும், நாளைக்கே.